ஸ்ரீமான் மா. கிருஷ்ணன் அவர்களின் ஜீவிய சரித்திரம்

உலகில் ஜீவனத்துக்குரிய மார்க்கங்கள் எண்ணிறந்தனவாயினும், நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு உகந்தவையென்று பெரியோர் மனமார ஒப்புக்கொள்பவை மிகச் சிலவே. சர்க்கார் உத்தியோகம், வக்கீல் தொழில், வைத்தியம், வியாபாரம் என்பன முன்னாளிலிருந்தே மதிக்கப்பட்டவை; இக்காலத்தில் கணிப்பொறித் தொழிலும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இவ்வேலிக்கு வெளியே ஒரு பிள்ளை காலெடுத்து வைப்பானாயின், தாய் தந்தையர் உறக்கம் இழக்கின்றனர். சுற்றத்தார் ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகை செய்கின்றனர்.

சென்ற மாதம் திண்டுக்கல் நகரத்து அன்பர் ஒருவர் எம்மிடம் வந்து, பட்டப் படிப்பை முடித்த தம் குமாரன் வேலை தேடாமல் காமிராவும் கையுமாய்ச் சிறுமலைச் சாரலிலே பறவைகளையும் காட்டெருமைகளையும் தேடித் திரிகிறான் என்றும், ஊர் ஊராய்ப் பிரயாணம் செய்து வனஜீவராசிகளைப் படம்பிடிப்பதையே தன் தொழிலாகக் கொள்ளப்போவதாகச் சொல்லுகிறான் என்றும், அவனுக்கு என்ன புத்தி சொல்வது என்றும் வருந்திக் கேட்டனர். யாம் அப்பொழுது தக்க விடை கூற இயலாதவராயிருந்தோம். பின்னர் ஆலோசித்துப் பார்க்கையில், அதே வழியில் நடந்து, அதன் லாபத்தையும் நஷ்டத்தையும் தம் வாழ்நாள் முழுவதும் அனுபவித்த ஒரு தமிழரின் சரித்திரத்தை எடுத்துரைப்பதே நேரிய விடையாகும் என்று தோன்றிற்று. ஆகவே, காலஞ்சென்ற ஸ்ரீமான் மா. கிருஷ்ணன் அவர்களின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாய் வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் அவர்கள் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய பிதா அ. மாதவையா அவர்கள். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றித் தமிழ் உரைநடை இலக்கியத்துக்கு அடிகோலிய முன்னோர்களில் ஒருவராய் விளங்கியவர் இவரே என்பதை நம் வாசகர்களில் பெரும்பாலோர் அறிவர். மாதவையா சர்க்காரின் உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அவ்வுத்தியோகத்தைக் காலத்துக்கு முன்பே தாமாக விட்டு விலகி, சென்னை மயிலாப்பூரில் குடியேறி, சொந்தத்தில் அச்சுக்கூடம் அமைத்துப் பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையை நடத்தினார். நிலையான சம்பளத்தைத் துறந்து தம் மனத்துக்கு உகந்த தொழிலை மேற்கொள்ளும் துணிவு, இவ்வாறு தந்தையிடமிருந்தே மகனுக்கு வந்த பிதுரார்ஜிதம் என்று சொல்லலாம்.

எட்டு மக்களுள் இளையவர் கிருஷ்ணன். அவருக்குப் பதின்மூன்று வயது நிரம்பியிருந்த சமயத்தில், அதாவது 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி, மாதவையா அவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் செனட் சபையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார். அச்சுக்கூடமும் பத்திரிகையும் அவரோடு முடிந்தன. தந்தையை இழந்த சிறுவனை அவருடைய தமக்கையார் ஆதரித்து வளர்த்தார்.

அந்நாளில் மயிலாப்பூர் இப்பொழுதுள்ளது போன்று வீடுகள் நெருங்கிய இடமன்று. புதர்க் காடுகளும் வெற்று மைதானங்களும் அங்கே மிகுந்திருந்தன. நரிகள் ஊளையிடும் ஓசை இரவில் கேட்கும், வெளிமான்கள் மேயும், பறவைகளுக்குக் கணக்கேயில்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையைச் செல்லமாய் வளர்த்தார். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையில் அவர் கற்ற பாடங்களைக் காட்டிலும், வீட்டைச் சுற்றியிருந்த வெளியில் தாமே கற்ற பாடங்கள் அவர் உள்ளத்தில் ஆழமாய்ப் பதிந்தன.

பழனி மலையில் பெற்ற பாடம்

1927-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாணக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்தவர் பைசன் என்னும் ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பிரதேசங்களில் வளரும் செடிகொடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று பாகங்களாய் நூல் வெளியிட்ட பெருமை இப்பேராசிரியருக்கு உண்டு. மாணாக்கர்களை வகுப்பறையில் அடைத்து வைப்பதோடு நில்லாமல், மலைகளுக்கே அழைத்துச் சென்று செடிகளை அவை வளரும் இடத்திலேயே காட்டிக் கற்பிப்பது அவர் வழக்கம். கிருஷ்ணன் அவ்வாறு அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று வந்தவர். பேராசிரியரின் மனைவியார் சித்திரக் கலையில் வல்லவர். அவ்வம்மையாரிடமிருந்து நீர்வர்ணச் சித்திரம் எழுதும் முறையைக் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார்.

இவ்விடத்தில் திண்டுக்கல் வாசிகளாகிய நாம் ஒரு விஷயத்தை நினைவிற் கொள்ளலாம். சென்னையிலிருந்து ரெயிலில் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள், திண்டுக்கல்லைக் கடந்து, அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலையேறுவதே அக்காலத்து வழக்கம். நம் ஊர்க் கோட்டைப் பாறையும், கிழக்கே சிறுமலையும், மேற்கே நீலநிறமாய்த் தொடர்ந்து செல்லும் பழனி மலையும் அவ்வழிப் பிரயாணிகளின் கண்ணுக்குத் தவறாமல் தென்படுவன. நாம் நாள்தோறும் பார்த்தும் பாராதவர்களாய்க் கடந்துபோகும் இம்மலைகளில், இலையின் அமைப்பையும் பூவின் இதழையும் கூர்ந்து நோக்கி அதை உள்ளபடியே வரையும் பழக்கம் ஓர் இளைஞருக்கு உண்டாயிற்று. பிற்காலத்தில் அவர் யானையைப் பார்த்தபோதும் சிட்டுக்குருவியைப் பார்த்தபோதும் கையாண்டது இதே பழக்கத்தைத்தான்.

வேலையற்ற காலமும் சண்டூர் வாசமும்

1931-ஆம் ஆண்டில் பி. ஏ. பட்டம் பெற்றார். பரீட்சையில் பெற்ற ஸ்தானம் உயர்ந்ததன்று. உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. பட்டதாரிகள் வேலையின்றித் தெருவில் நின்றனர். எம். ஏ. வகுப்பிலும் படித்து, பின்னர் சட்டக் கல்லூரியிற் சேர்ந்து, 1936-ஆம் ஆண்டில் சட்டப் பட்டமும் பெற்றார். ஆயினும் வக்கீல் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. பத்திரிகைகளுக்குச் சிறு கட்டுரைகளும் வேடிக்கைச் சித்திரங்களும் எழுதி அனுப்பி, வந்த சொற்ப வரும்படியைக் கொண்டு காலம் தள்ளினார். 1937-ஆம் ஆண்டில் இந்துமதி அம்மையாரை விவாகம் செய்துகொண்டார். நிலையான உத்தியோகம் இல்லாத மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்ட அவ்வம்மையாரின் மனோதைரியத்தையும் நாம் இங்கே போற்றுதல் தகும்.

1942-ஆம் ஆண்டில், பல்லாரிக்கு அருகே மலைகள் சூழ்ந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தின் மஹாராஜா அவருக்கு உத்தியோகம் அளித்தார். அங்கே அவர் பார்த்த வேலைகள் பல: பாடசாலை உபாத்தியாயர், நியாயாதிபதி, விளம்பர அதிகாரி, மஹாராஜாவின் அரசியல் காரியதரிசி. ஓய்வு நேரங்களில் ஆடு மேய்த்தார். புறாக்களை வளர்த்துக் கடிதம் கொண்டுசெல்லப் பழக்கினார். சண்டூர்க் காடுகளில் தனியே நடந்து திரிந்து, மிருகங்களின் அடிச்சுவட்டையும் பறவைகளின் குரலையும் இனம் காணப் பயின்றார். படம்பிடிக்கும் கலையிலும் கட்டுரை எழுதும் கலையிலும் அவர் கை தேர்ந்தது அங்கேதான். ஆடு மேய்ப்பவனைப் போலப் பொழுதை வீணாக்குகிறார் என்று அப்பொழுது எவரேனும் அவரை இகழ்ந்திருந்தால் நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஆனால் அவ்வேழு ஆண்டுகளே அவருடைய உண்மையான கலாசாலைப் படிப்பு.

1949-ஆம் ஆண்டில் சண்டூர் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. கிருஷ்ணன் அவர்களுக்கு அப்பொழுது வயது முப்பத்தேழு. மீண்டும் ஒரு சம்பள உத்தியோகத்தைத் தேடிக்கொள்ள அவருடைய கல்வியும் அனுபவமும் போதியவை. அவர் அவ்வாறு செய்யவில்லை. சென்னைக்குத் திரும்பி, எட்வர்டு எலியட்ஸ் ரோட்டில், அதாவது இப்பொழுது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்கும் வீதியில், தம் குடும்பத்துக்குரிய மனையில் குடியமர்ந்து, எழுத்தையும் புகைப்படத்தையுமே ஜீவனமாகக் கொண்டார். அந்நாள் முதல் இறுதி நாள் வரை, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல், அவர் எவரிடத்திலும் சம்பளம் வாங்கவில்லை.

அவருக்கு முன் இக்கலை நின்ற நிலை

கிருஷ்ணன் அவர்கள் இக்கலையில் எய்திய ஸ்தானத்தை அறிய வேண்டுமாயின், அவருக்கு முன் அது நின்ற நிலையைச் சிறிது கூறல் அவசியமாகும். நம் தேசத்தில் பிரயாணம் செய்து படம்பிடித்தல் புதிதன்று. சென்னை இராஜதானியின் படப்பிடிப்பாளராய் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, 1858-ஆம் ஆண்டளவிலேயே திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படம்பிடித்தார். ஆனால் கோபுரம் அசையாது நிற்கும், மிருகம் நில்லாது. ஆகையால் வனஜீவராசிகளைப் படம்பிடிக்கும் கலை பின்னரே தோன்றிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைரஸ் என்பவர் இரவில் மின்னலொளி பாய்ச்சி மான் முதலியவற்றைப் பிடித்த படங்கள் 1906-ஆம் ஆண்டில் ஒரு பிரபல பத்திரிகையில் வெளிவந்து யாவரையும் வியப்பில் ஆழ்த்தின. நம் தேசத்தில் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியாயிருந்த சாம்பியன் என்பவர், புலி நடக்கும் வழியில் கம்பி கட்டி, புலியின் காலே கம்பியை இழுத்துத் தன் படத்தைத் தானே எடுக்குமாறு செய்து, 1927-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்.

எனினும், கிருஷ்ணன் அவர்கள் இத்தொழிலில் இறங்கிய சமயத்தில் காட்டுக்குப் போகும் கனவான்களில் பெரும்பாலோர் கையில் துப்பாக்கியே இருந்தது. ஒரு புலியைச் சுட்டு அதன் மேல் கால் வைத்து எடுத்துக்கொண்ட படமே கௌரவமாய்க் கூடத்தில் தொங்கிற்று. நம் தேசத்துச் சிவிங்கிப் புலிகளில் கடைசியாய் மிஞ்சியவை என்று கருதப்படும் மூன்று, மத்திய இந்தியாவில் 1947-ஆம் ஆண்டில் ஒரே இரவில் சுடப்பட்டன. உயிரோடு உலாவும் மிருகத்தை உள்ளபடி காட்டும் படத்துக்கு விலை கொடுப்போர் சிலரே. அத்தகைய காலத்தில் இதைத் தொழிலாகக் கொண்டது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை நாம் உணர வேண்டும்.

அவர் படம்பிடித்த முறை

கடையில் விற்கும் விலையுயர்ந்த காமிராக்களை வாங்கும் செல்வம் அவரிடம் இல்லை. ஒரு காமிராவின் பெட்டியோடு வேறொன்றின் கண்ணாடியைப் பொருத்தி, பழைய பாகங்களை இணைத்துத் தாமே ஒரு பெரிய கருவியை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைக் குறிக்கும் வேடிக்கையாக அதற்குச் சூப்பர் பாண்டரோஸா என்று நாமகரணமும் செய்தார். வர்ணப் படங்கள் எங்கும் பரவிய பிறகும், அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். மிருகத்தின் உடற்கட்டும், தோலின் மடிப்பும், நிற்கும் நிலையும் கறுப்பு வெள்ளையிலேயே தெளிவாய்ப் புலப்படும் என்பது அவர் கொள்கை.

இத்தொழிலின் கஷ்டம் வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. காட்டினுள் மரநிழல் அடர்ந்திருப்பதால் வெளிச்சம் மிகக் குறைவு. அக்காலத்துப் பிலிம்கள் மந்தமானவை. ஆதலால் காமிராவின் கதவு சற்று அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் மிருகம் அசைந்தால் படம் கலங்கிவிடும். இக்காலத்துக் கைப்பேசியில் நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழித்துவிடுவது போன்று அன்று செய்தல் இயலாது; ஒவ்வொரு பிலிமும் காசு. ஆகவே, அமுக்குவதற்கு முன் பொறுத்திருத்தலே கலையின் பெரும் பகுதியாயிருந்தது.

யானைக்குக் கண்பார்வையைவிட மோப்பம் கூர்மையானது. காற்று நம்மிடமிருந்து அதை நோக்கி வீசுமாயின் நாம் மறைந்திருந்தும் பயனில்லை. இதை அறிந்த கிருஷ்ணன் அவர்கள், காற்றின் திசையைச் சோதித்து, ஓசையின்றி நடந்து, வழிகாட்டும் வனவாசி ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு மந்தையை அணுகுவார். பழக்கப்பட்ட யானையின் முதுகில் ஏறியும் செல்வார்; யானையின் மேலிருக்கும் மனிதனை மானும் காட்டெருமையும் அவ்வளவாய்ச் சந்தேகிப்பதில்லை. முதுமலை முதலிய காடுகளில் அவர் பல்லாண்டுகள் எடுத்த யானைப் படங்களில், குட்டி தாயின் வயிற்றடியில் நிற்பதையும், கூட்டத்தின் முதிய பெண் யானை முன்னின்று நோக்குவதையும் காணலாம். அவை அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்டவையல்ல. மிருகங்களின் வாழ்க்கை முறையைப் பதிவு செய்த சாசனங்கள் எனலாம். எங்கே, எந்தப் பருவத்தில், எத்தகைய நிலையில் கண்டார் என்பதைத் தம் குறிப்புப் புத்தகங்களில் தவறாது எழுதி வைத்துக்கொள்வதும் அவர் வழக்கம்.

எழுத்தும் தேச சேவையும்

படத்தை மட்டும் நம்பி அவர் ஜீவித்தவர் அல்லர். 1950-ஆம் ஆண்டு முதல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, நாட்டுப்புறக் குறிப்புப் புத்தகம் என்று பொருள்படும் தலைப்பில், ஒரு கட்டுரை எழுதி வந்தார். காட்டு யானை முதல் கொல்லைப்புறத்து அணில் வரையிலும் அவருக்கு விஷயங்களே. கட்டுரையோடு தம் கையால் வரைந்த கோட்டுச் சித்திரத்தையும் பெரும்பாலும் சேர்த்து அனுப்புவார். 1996-ஆம் ஆண்டில் அவர் மறைந்த நாள் வரை, 46 ஆண்டுகள் இக்கட்டுரைத் தொடர் நின்றதில்லை. ஒரே தொடரை இத்தனை காலம் இடைவிடாது எழுதியவர் எத்தேசத்திலும் அரியர்.

தமிழிலும் அவர் எழுதினார். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராய்க் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்குப் பிராணிகளைப் பற்றிக் கட்டுரைகள் அளித்தார். வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றியும் விரிவாய் எழுதினார். அவ்வூர் ஏரியில் கூடு கட்டும் கொக்கு, நாரை முதலியவற்றின் எச்சம் நீரில் கலந்து வயல்களுக்கு உரமாவதை அறிந்த குடியானவர்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பினி அதிகாரியிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடாதபடி காவல் பெற்றனர் என்பது கவனிக்கத்தக்க செய்தி. ஏட்டுக் கல்வியில்லாத நம் முன்னோருக்கு இருந்த விவேகம் படித்த நமக்கும் இருத்தல் வேண்டுமன்றோ?

1968-ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு ஞாபகார்த்தமாக அளிக்கப்படும் ஆராய்ச்சி உதவி அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய மிருகங்களைப் பற்றி ஊர் ஊராய், காடு காடாய்ச் சென்று ஆராய்ந்து, அதன் முடிவுகளைப் பம்பாய் இயற்கைச் சரித்திர சங்கத்தின் மூலம் வெளியிட்டார். அவை 1975-ஆம் ஆண்டில் புத்தக உருவம் பெற்றன. 1970-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. இந்திய வனஜீவராசி வாரியத்திலும், 1973-ஆம் ஆண்டில் தொடங்கிய புலிப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்திய குழுவிலும் அவர் அங்கத்தினராய் இருந்தார். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 1995-ஆம் ஆண்டில் உலகின் ஐந்நூற்றுவர் கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது.

தேசாபிமானத்தைப் பற்றி அவருக்குத் தனிப்பட்ட ஒரு கருத்து உண்டு. ஒரு தேசத்தின் அடையாளம் அதன் கோயில்களிலும் பாஷைகளிலும் கலைகளிலும் மட்டும் அடங்குவதன்று. அம்மண்ணுக்கே உரிய மரங்களிலும் மிருகங்களிலும் பறவைகளிலும் அது அடங்கியுள்ளது என்று அவர் கருதினார். கோயில் இடிந்தால் மீண்டும் கட்டலாம். ஓர் இனம் அழிந்தால் அதை எந்தச் சிற்பியாலும் மீண்டும் படைக்க முடியாது. இக்காரணத்தினாலேயே அந்நிய நாட்டு மரங்களைச் சாலையோரங்களிலும் காடுகளிலும் நடுவதை அவர் பன்முறை கண்டித்தார். ஆலும் புங்கும் வேம்பும் இருக்கப் பூவின் நிறத்துக்காக அயல்நாட்டு மரங்களை விரும்புவானேன் என்பது அவர் வினா.

குணமும் குறையும்

ஒருவரைப் புகழும்போது குறைகளை மறைத்தல் சரித்திர தர்மமன்று. கிருஷ்ணன் அவர்கள் பிடிவாதமுள்ளவர். சபைகளிலும் கூட்டங்களிலும் எதிரிலிருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாயினும், பிழை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தனிமையை விரும்பியவர், பிறரோடு சேர்ந்து காரியம் செய்வதில் அவ்வளவு பழக்கமில்லாதவர். வர்ணப் படங்களுக்கே மதிப்பு மிகுந்த காலத்தில் கறுப்பு வெள்ளையை விடாமையால், அவருடைய படங்கள் அவற்றின் தகுதிக்கு ஏற்ற விளம்பரத்தை அடையவில்லை. அவர் எழுதியவற்றிற் பெரும்பகுதி பத்திரிகைகளிலேயே சிதறிக் கிடந்தது. அவர் ஜீவித்திருந்த காலத்தில் நூலுருவில் வந்தவை சிலவே. பெருஞ்செல்வம் அவர் ஈட்டவில்லை. எளிய வாழ்க்கை நடத்தினார். இவையெல்லாம் இத்தொழிலுக்கு அவர் கொடுத்த விலை.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி, தமது எண்பத்து மூன்றாம் வயதில், சென்னையில் அவர் காலமானார். அதன்பின் அன்பர்களின் முயற்சியால் அவருடைய கட்டுரைகளும் படங்களும் தொகுக்கப்பட்டன. ஸ்ரீ இராமச்சந்திர குஹா அவர்கள் தொகுத்த ஆங்கில நூல் 2000-ஆம் ஆண்டிலும், ஸ்ரீ சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்னும் தமிழ் நூல் 2002-ஆம் ஆண்டிலும், படங்களின் பெருந்தொகுப்பு ஒன்று 2006-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இயற்கையைப் பற்றி எழுதும் இளைஞர்களுக்கு அவர் ஞாபகார்த்தமாகச் சென்னையில் ஒரு பரிசும் ஏற்படுத்தப்பட்டது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

அன்பர்களே! இச்சரித்திரத்தைப் படித்தவுடன் நம் பிள்ளைகள் யாவரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓட வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. கிருஷ்ணன் அவர்கள் இத்தொழிலைக் கைக்கொள்ளும் முன் ஐந்து வித்தைகளில் தேர்ச்சி பெற்றிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தாவர சாஸ்திரம் கற்றார், சித்திரம் கற்றார், இலக்கியம் கற்றார், சட்டமும் கற்றார், ஏழு ஆண்டுகள் காட்டில் நடந்து கற்றார். காமிரா அவருக்கு ஆறாவது வித்தையே. அதுவும் அவர் முப்பத்தேழு வயதில் சம்பளத்தைத் துறந்தபோது, கையில் எழுத்துத் தொழில் ஊன்றுகோலாய் இருந்தது. அழகிய படம் எடுப்பவர் இக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர். எடுத்த படத்திலுள்ள உயிரைப் பற்றி ஒரு பக்கம் பிழையின்றி எழுதக்கூடியவர் எத்தனை பேர்? இத்தொழிலை விரும்பும் இளைஞன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மனம் ஒன்றி உழைக்கும் பிள்ளை வேறு. வேலைக்கு அஞ்சி வெறுமனே திரியும் பிள்ளை வேறு. இரண்டையும் பிரித்தறிதல் பெற்றோர் கடமை. உங்கள் மகன் விடியற்காலை நான்கு மணிக்குத் தானே எழுந்து மலைக்குப் போகிறானா? கண்டதைக் குறித்து வைக்கிறானா? பெயர் தெரியாத பறவையைக் கண்டால் புத்தகம் தேடிப் படித்தறிகிறானா? அப்படியாயின், அவனுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தவணை கொடுத்துப் பாருங்கள். அதற்குள் பக்கபலமாக வேறொரு வருமானத்துக்கும் வழி தேடிக்கொள்ளுமாறு நயமாகச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றும் செய்யாமல் காமிராவின் விலையை மட்டும் பேசுவானாயின், அப்பொழுது கண்டித்தல் குற்றமன்று.

மேலும், படம்பிடிக்கத் தக்கவை தூரதேசத்தில் மட்டும் உள்ளன என்று எண்ண வேண்டாம். நம் ஜில்லாவிலேயே பழனி மலையும் சிறுமலையும் உள்ளன. சமவெளியை ஒட்டிய அய்யலூர்க் காடுகளில் தேவாங்கு என்னும் சிறு பிராணி வாழ்கிறது. இரவில் மட்டும் வெளிவந்து பூச்சிகளைத் தின்று, குடியானவனுக்கு உபகாரமாயிருக்கும் அப்பிராணியை, மாந்திரீகத்துக்கு உதவும் என்ற மூட எண்ணத்தால் பிடித்து வதைத்தோர் பலர். அதைக் காக்கும் பொருட்டு, கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் பரப்புள்ள காடு, கடவூர் தேவாங்குச் சரணாலயமாக 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதற் சரணாலயம் இதுவே. அதன் சுற்றுப்புறக் கிராமங்களில் நிலபுலன் உடைய நம்மவர், அப்பிராணியைக் கண்டால் துன்புறுத்தாமல் விடுவதும், வேலிகளில் உள்ள பழைய மரங்களை வெட்டாமல் காப்பதும் அரிய காரியங்கள் அல்ல.

எம்மிடம் வந்து வினவிய அன்பருக்கு எம் விடை இதுதான். தம் குமாரனோடு ஒரு நாள் அதிகாலையில் அவரும் சிறுமலைக்கு ஏறிச் செல்க. அவன் எதைப் பார்க்கிறான், எவ்வளவு நேரம் அசையாது காத்திருக்கிறான், பார்த்ததைப் பற்றி என்ன அறிந்திருக்கிறான் என்பதை நேரில் காண்க. மலையை விட்டு இறங்கும்பொழுது, அவனுக்குச் சொல்ல வேண்டிய புத்தி இன்னதென்று பிறரைக் கேளாமலே அவருக்கு விளங்கிவிடும்.